செருமலுக்கு ஒரு டம்ளர்

செருமிக்கொள்ளாமல் சிற்சபேசனுக்கு 'வேண்டாம்' என்ற சொல் வாயில் வராது. அலுவலகத்தில் அந்தச் செருமலுக்கே ஒரு மரியாதை இருந்தது. இருமல் சத்தம் கேட்டதும் தானே கஷாயம் வைக்கும் அடுப்பை ஆசையாக வாங்கி வந்தவரும் அவர்தான். சுக்கும் மிளகும் துளசியும் போதும் என்றாள் மனைவி தில்லைநாயகி. "மருந்துன்னா கசக்கணும்" என்று ஆடாதோடையையும் சேர்க்கச் சொல்லி அடுப்புக்குக் கட்டளையிட்ட மகானும் அவரேதான்.

அன்று மகள் பூம்பாவை எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, செவ்வாய் கிரகத்துல வேலை கிடைச்சிருக்கு. போனா பத்து வருஷம் வர முடியாது. நீங்க வேண்டாம்னா போகல."

சிற்சபேசன் நிமிர்ந்து உட்கார்ந்து செருமினார். அதை இருமல் என்று எடுத்துக்கொண்டு அடுப்பு பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கும் டம்ளரை நீட்டி, குடிக்கச் சொல்லிக் கூவத் தொடங்கியது.

"முதல்ல அதைக் குடிச்சுத் தொலைங்க, காது வலிக்குது" என்றாள் தில்லைநாயகி.

மடக்மடக்கென்று குடித்தார். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் நீர் முட்ட, தலை தானாக ஆடியது.

"அம்மா, அப்பா சரின்னு தலையாட்டிட்டார்!" பூம்பாவை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவசரமாக மறுக்க வாயெடுத்தார். பழக்கதோஷம், முதலில் செருமினார்.

அடுப்பு அடுத்த டம்ளருக்குத் தண்ணீர் வைத்தது.