நாலு டப்பா கூழ்

"நாலு டப்பாவா? ஒத்த ஆளுக்கு நாலு டப்பா கூழா?"

நாகேஷ் போட்ட சத்தத்தில் வரிசை அப்படியே நின்றுவிட்டது.

தங்கச் சுரங்கத்துக்குக் கரண்ட் வந்த மறுவருஷம் அது. சுரங்க ஊரான ஊரிகத்தில் வெள்ளம் வடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் மழையே கிடையாது. காய்ந்த ஓடைதானே என்று, இடமில்லாத ஜனங்கள் ஓடைக்குள்ளேயே மூங்கில் தட்டி வைத்துக் குடிசை போட்டுக்கொண்டார்கள். இந்த ஐப்பசியில் ஒரே பகலில் கொட்டித் தீர்த்தது. மேட்டிலிருந்த குட்டை உடைந்தது. குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது வெறும் சேறு.

ஊர்ச் சபைக்காரர்கள் கோயில் வாசலில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊற்றினார்கள். அகப்பை ஜெயம்மா கையில். ஒத்தாசைக்கு என்று பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டிலிருந்து முந்தாநாள்தான் வந்திருந்தான் நாகேஷ். அங்கே ஒரு ஷாஃப்டில், சுரங்கக் குழி வாயில், ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை அவனுக்கு.

"நேத்தும் நாலு டப்பா வாங்கினு போனான்கா. தனியாத்தான் வரான், தனியாத்தான் போறான். வீட்டு ஆளுங்க எங்கடா? அவங்கள வரச் சொல்லு!"

டப்பாக்களைப் பிடித்துக்கொண்டு நின்றவன் வேலு. ஆறடி உயரம். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. அவன் நாகேஷை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சம்சாரத்துக்கு ஒண்ணு. புள்ளைங்களுக்கு ரெண்டு. எனக்கு ஒண்ணு" என்றான்.

வரிசையில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஆள் தடியாக இருக்கிறான், அதான் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் நாகேஷ்.

"அக்கா, ஊத்தாதீங்க. கடைசில நிக்கிறவங்களுக்குப் பத்தாது."

ஜெயம்மா அகப்பையை முக்கி எடுத்தாள். நாலு டப்பாவிலும் ஊற்றினாள். வேலு அவற்றைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நடந்தான்.

நாகேஷுக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று பின்னாலேயே போனான். எங்கேயோ விற்கிறான், இல்லையென்றால் ஒளித்து வைக்கிறான். வேறென்ன?

வேலு ஓடைக்குள் இறங்கினான். சேற்றில் பாதி புதைந்த ஒரு கல். ஒரு காலத்தில் அது வாசற்படியாக இருந்திருக்க வேண்டும். அதன்மேல் மூன்று டப்பாவை வரிசையாக வைத்து இலையால் மூடினான். தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். குடிக்கவில்லை.

"இன்னாடா பண்றே?"

"வாங்க ரைட்டரே. அவங்க தண்ணிக்குப் போய்க்கீறாங்க. வந்துடட்டும். நான் மட்டும் முந்திக்கினா நல்லாவா இருக்கும்?"

நாகேஷ் சுற்றிலும் பார்த்தான். குடிசை இல்லை, தட்டி இல்லை, ஆள் இல்லை. கொஞ்ச தூரத்தில் பார்வதம்மா என்கிற பெண் சேற்றைக் கிளறிப் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனான்.

"இவன் வீட்டு ஆளுங்க எங்கம்மா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வெள்ளத்தோட போயிட்டாங்க ரைட்டரே. பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. அவன் அப்போ கீழ சுரங்கத்துல ஷிஃப்ட்ல இருந்தான். குழிக்குள்ள தண்ணி எறங்கி, ஆளுங்கள மேல ஏத்துற கேஜ் ஓடல. மறுநாள் ஏறி வர்றதுக்குள்ள நாங்களே பொதச்சிட்டோம். அவன் மொகம்கூடப் பாக்கல. எவ்ளோ சொன்னோம். காதுல வாங்கினாத்தானே."

நாகேஷ் கோயில் வாசலுக்குத் திரும்பி வந்தபோது வரிசை கலைந்திருந்தது. ஜெயம்மா அண்டாவைச் சாய்த்து வழித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... வேலு விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? அந்தப் புள்ளைங்க ஒடம்புல இருந்த சேத்தக் கழுவி, துணி சுத்தினது இந்தக் கைதான்."

நாகேஷ் குனிந்து அண்டாவைப் பிடித்துக்கொடுத்தான். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"பாவம்தான்கா. இல்லேங்கல. ஆனா உசுரோட கீறவங்களுக்கே பத்தல. செத்தவங்களுக்கு ஊத்தி அது சேத்துல வீணாப் போறது நியாயமா? யாராவது அவன உக்கார வெச்சு அடிச்சுச் சொல்லணும்."

"வீணா எங்க போவுது?" ஜெயம்மா அண்டாவை நிமிர்த்தி வைத்தாள். "எங்க வீட்ல மூணு பேரு. இந்த வரிசையில எங்கள ஒரு நாளாவது பாத்தியா தம்பி?"

அவன் யோசித்தான். பார்த்த ஞாபகம் இல்லை.

"அந்த மூணு டப்பா எங்க பங்கு. பொழுது சாய அவன், பொண்டாட்டி புள்ளைங்க பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கினே ஓடையோரமா நடப்பான். அந்த நேரம் நான் போய் அந்தக் கூழ எங்க சட்டியில ஊத்திக்கினு வந்துடுவேன். ஆறிப்போயிருக்கும். இருந்தா இன்னா, அதத்தான் நாங்க குடிக்கிறோம்."

"எதுக்குக்கா இந்த அலைச்சல்? அவனுக்கு மட்டும் ஊத்திட்டு, உங்க பங்க இங்கயே சூடாக் குடிச்சா ஆவாதா?"

"மொத நாள் அப்படித்தான் ஊத்தினேன். அன்னிக்கு அவன் பச்சத் தண்ணிகூடத் தொடல." ஜெயம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "திரும்பி வந்து அந்த மூணு டப்பாவும் காலியாக் கெடக்கிறதப் பாத்தாதான், புள்ளைங்க சாப்ட்டுதுன்னு அவன் ஒரு வாய் குடிக்கிறான் தம்பி."