ஏழாம் குப்பி

"பன்னிரண்டும் வீட்டுப் பூனை. ஒண்ணு ரெண்டுன்னா கைப்பிசகுன்னு விட்டிருப்பேன். பன்னிரண்டும்!"

"பன்னிரண்டுமா சார்?"

"ஏன், காது கேக்கலையா?"

பேராசிரியர் முடிவுத் தாளை மேசையின் குறுக்கே தள்ளினார். எதிரே உட்கார்ந்திருந்தவள் அதைத் தொடவில்லை. ஒரு வருஷம் மலைக்காட்டில் அலைந்து, மரப்பட்டையிலும் முள்ளிலும் சிக்கிய காட்டுப்பூனை முடிகளைப் பொறுக்கி வந்தவள் அவள்.

இரண்டு ஆய்வகங்களின் கூட்டு ஆராய்ச்சி அது. அவள் தன் ஆய்வகத்தில் முடியைக் கரைத்து, அந்த நீரில் பாதியை வைத்துக்கொண்டு பாதியைச் சின்னக் குப்பிகளில் இங்கே அனுப்புவாள். இரண்டு பக்கமும் மரபணுவைத் தனித்தனியாகப் படித்து ஒரே விடை சொன்னால்தான் செல்லும்.

அவள் பக்கத்து விடை, அந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத காட்டுப்பூனை. பூனை உண்டென்றால் மலை பிழைக்கும். இல்லையென்றால் கல்குவாரிக்குப் போகும். மூன்று மணிக்குள் அரசுக் குழுவுக்கு அறிக்கை போயாக வேண்டும்.

"தெருவில திரியற பூனைய அமுக்கிப் பிடிச்சு நாலு முடியப் பிடுங்கிட்டு, யார் காதுல பூ சுத்தறீங்க?"

"ஏழாம் நம்பர்லயும் அப்படித்தான் வந்துச்சா சார்?"

பேராசிரியருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஏழை மட்டும் ஏன் கேட்கிறாள்? அங்கேதான் கை வைத்திருக்கிறாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"ஏழுதான்மா இருக்கறதுலயே பளிச்சுன்னு வந்திருக்கு. போன வாரம் நானே பக்கத்துல நின்னு ஓட்டிப் பார்த்தேன்."

முதல் கூட்டத்திலேயே, முப்பது பேர் முன்னால், "உங்க ஆய்வகத்துல சுத்தம் போதாது சார்" என்று சொன்னவள் இவள். அன்று இரவே அவர் உட்கார்ந்து, இவளை நம்ப முடியாது என்று பதினான்கு நிபந்தனைகள் எழுதி ஒப்பந்தத்தில் சேர்த்தார். அத்தனையையும் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டாள். அந்த அமைதிதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

கைப்பேசி அடித்தது. கறுப்புக் கோட்டின் கையில் ஒட்டியிருந்த வெள்ளை முடியைத் தட்டிவிட்டபடியே ஸ்பீக்கரில் போட்டார். மனைவி.

"ஏங்க, சின்னவன் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. போன வாரம் பூரா நான் அக்கா வீட்ல இருந்தப்ப உங்ககூடவே லேப்ல இருந்து பழகிட்டான். இப்ப வீடே பிடிக்கலையாம், கதவைப் பிராண்டிட்டு நிக்கறான்."

"வேலையா இருக்கேன். அப்புறம் பேசறேன்."

அவர் இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த கடிதத்தை எடுத்து, மேலே பேனாவையும் வைத்தார். "மாதிரிகளை மாற்றினேன்னு ஒரு வரிதான். கையெழுத்துப் போட்டுட்டா வேலையோட போகும். இல்லேன்னா பேரே நாறும்."

"இந்த வேலையத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"அதை மாத்தறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். பேராசிரியருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தின் நடுவில் பெரிதாக ஏழு என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"ஒன்பதாவது நிபந்தனை. நீங்க எழுதினதுதான் சார். ஒவ்வொரு டஜன்லயும் ஒரு குப்பியில முடி எதுவும் கரைக்காம வெறும் தண்ணி அனுப்பணும். எதுன்னு உங்களுக்குச் சொல்லக் கூடாது."

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை ஏழு."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஏழாவது வரியில் விரல் வைத்தார். வீட்டுப் பூனை என்று தெளிவாகத்தான் இருந்தது.

"அது... உங்க இடத்துலயே ஏதாவது கலந்திருக்கும்."

"எங்க பாதியில ஏழு சுத்தமா காலி சார். கலந்தது இங்கதான்."

அவள் பார்வை மேசைமேல் விழுந்து கிடந்த வெள்ளை முடியில் நின்றது. பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து, வாயைப் பிரித்து, அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க சின்னவனோட முடி ரெண்டு வேணும் சார், வேரோட. பூனைக்கு வலிக்காமப் பார்த்து எடுங்க."