இந்த வாரத்துத் தப்பு

கருத்தக்கண்ணன் மாத்திரையை வாயில் போட்டு, மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார்.

நர்ஸ் சகாயராணி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, இது முழுங்குற மாத்திரை இல்ல. இந்தக் கருவிக்குள்ள போட்டுத் திருகி, பொடிய மூச்சோட உள்ள இழுக்கணும். வயித்துக்குப் போனா நெஞ்சுக்கு என்ன லாபம்?"

"மாத்திரைன்னா முழுங்கத்தானே தாயி செய்வாக?"

செவ்வாய்க்கிழமை மூச்சு வகுப்பில் இருந்த அத்தனை பேரும் இரைத்துக்கொண்டே சிரித்தார்கள். கடைசி நாற்காலியில் இருந்த ஈஸ்வரபாண்டி மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அவர் தேனி காய்கறி மண்டியில் கமிஷன் கடை முதலாளி. அவர் ஏலம் கூறினால் தெருமுனை வரை கேட்கும். நுரையீரல் நோய் வந்தபிறகு இரண்டு விலை சொல்வதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது. இப்போது தம்பி சுந்தர்ராஜ் மைக் வைத்துக் கூறுகிறான்.

"மைக்குல கூறுனா அது மண்டியா, மீன் வண்டியா?" என்பது ஈஸ்வரபாண்டியின் கேள்வி. அதைக்கூட ஒரே மூச்சில் அவரால் கேட்க முடியவில்லை.

மருந்தை ஒழுங்காக எடுத்தால் பழையபடி ஏலம் கூறலாம், இந்த வகுப்புக்குப் போய்ப் பழகுங்கள் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். போன வாரம் சகாயராணி முதலில் அவரைத்தான் கூப்பிட்டாள்.

"நீங்க எப்படி எடுக்குறீகன்னு செஞ்சு காட்டுங்க ஐயா."

"எல்லாம் தெரியும்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார்.

இன்று வீட்டுக்குப் போனதும் மனைவி மாரீஸ்வரி வழக்கம்போல் பால் டம்ளரை நீட்டினாள்.

"மாத்திரைக்குப் பால் வேணாம்" என்றார்.

"இத்தன நாளா பாலுலதானே முழுங்குனீக?"

"டாக்டர் மாத்திச் சொல்லிட்டாக."

அடுத்த செவ்வாய் கருத்தக்கண்ணன் மாத்திரையைக் கருவிக்குள் சரியாகப் போட்டுத் திருகினார். பிறகு கன்னம் உப்ப ஊதினார். பொடி பறந்து, முன்வரிசையில் இருந்த பஞ்சம்மாளின் சேலையில் படிந்தது.

"ஏய்யா, மருந்து ஒனக்கா, என் சேலைக்கா?" என்றாள் பஞ்சம்மாள்.

"ஊதக் கூடாது, இழுக்கணும். மொதல்ல மூச்ச வெளிய விட்டுட்டு, வாயால கருவிய நல்லாக் கவ்விக்கிட்டு, வேகமா இழுக்கணும்" என்று சகாயராணி கடைசி நாற்காலிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அதற்கடுத்த வாரம், இழுத்த மூச்சைப் பத்து எண்ணும்வரை அடக்காமல், "லேசா இனிக்குது தாயி" என்று வாயைத் திறந்துவிட்டார். அதற்கும் அடுத்த வாரம் எல்லாம் சரியாகச் செய்தார். ஆனால் வாய் கொப்பளிக்காமல் நேராக டீக்கடைக்கு நடந்தார். வாய் புண்ணாகிப் போகும் என்று சகாயராணி வாசல் வரை விரட்டிப் பிடித்து வந்தாள்.

கருத்தக்கண்ணன் மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்.

"புகைக்குள்ளயே கெடந்து மனுசனுக்கு மூளையும் கருகிப்போச்சு போல" என்றார் ஈஸ்வரபாண்டி, பக்கத்து நாற்காலியிடம். இதை அவர் ஒரே மூச்சில் சொன்னார்.

அந்த வாரமே மண்டியில் மைக்கை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, தக்காளிக்கு அவரே விலை கூறினார். சுந்தர்ராஜ் மைக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

மண்டி முடிந்து திரும்பும்போது, தேவதானப்பட்டி பஸ் நிற்கும் இடத்தில் கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து கருவியை எடுத்தார். இன்றைக்கு என்ன கூத்து என்று பார்க்க ஈஸ்வரபாண்டி நின்றார்.

போட்டார், திருகினார், மூச்சை வெளியே விட்டார், இழுத்தார், கண்ணை மூடி அடக்கினார், கொப்பளித்து ஓரமாகத் துப்பினார். சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி இருந்தது.

"ஏப்பா, நல்லாத்தானே இழுக்குற. அங்கன மட்டும் ஏன் அப்படிச் சொதப்புற?"

கருத்தக்கண்ணன் மாட்டிக்கொண்டவர் போல எழுந்து நின்றார்.

"நான் போன வருசமே இந்த வகுப்ப முடிச்சவன் மொதலாளி."

"அப்பறம் என்னத்துக்கு வர்ற?"

"நீங்க தெரியும்னு சொல்லிட்டீக. மருந்து உள்ள போற ஆளு அப்படி இரைக்க மாட்டாக. தெரியாதுன்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வராது. என்னப் பாத்து நாலு பேரு சிரிச்சா எனக்கு என்ன கொறஞ்சிரும்?"

கருத்தக்கண்ணன் எழுந்த இடத்தில் ஈஸ்வரபாண்டி உட்கார்ந்தார். மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

"சிஸ்டருக்கு இது தெரியுமா?"

"எந்த வாரம் எந்தத் தப்புன்னு சொல்றதே அவுகதான்."

பஸ் வந்தது. கருத்தக்கண்ணன் ஏறிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் ஒரு புது ஆள் வந்தார். லாரி முதலாளி பாண்டீஸ்வரன். விரல் நிறைய மோதிரம். ஆள் உள்ளே வருமுன் அவருடைய இரைப்பு வந்தது.

"நீங்க எப்படி எடுக்குறீகன்னு செஞ்சு காட்டுங்க ஐயா" என்றாள் சகாயராணி.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்று அவர் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சகாயராணி கருத்தக்கண்ணனைப் பார்த்தாள். கருத்தக்கண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். இன்று பக்கத்து நாற்காலியில் இருந்த ஈஸ்வரபாண்டி அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"நீ ஒக்காருப்பா."

முன்னால் போனார். மாத்திரையை வாயில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். பிறகு ஏலம் கூறுகிற குரலில் கேட்டார்:

"இப்படித்தானே சிஸ்டர்?"

எல்லாரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரன் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.