பக்கம் நாற்பத்தொன்று

அவள் சுவரைத் தடவினாள்.

மேலிருந்து கீழாக. பிறகு கீழிருந்து மேலாக, கை எட்டும் வரை.

வழவழவென்றிருந்தது. நூற்றுப் பத்து வருடத்துச் சுண்ணாம்புப் பூச்சு. சித்திரை வெயிலிலும் குளிர்ந்தது.

விரிசல் இல்லை.

மறு கையில் இடிப்பு உத்தரவின் நகல். மூன்றாவது பத்தி அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. 'எட்டாம் வகுப்பு அ, ஆ பிரிவுகளுக்கு நடுவேயுள்ள சுவர் கூரையிலிருந்து தரை வரை பிளந்துள்ளது. ஆதாரம்: பள்ளியின் வரலாற்று நூல், பக்கம் 41.'

பார்வையிட வந்த பொறியாளர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

அந்தப் புத்தகத்தை எழுதியவள் அவள்.

நாலு வருட வேலை. பழைய வருகைப் பதிவேடுகளைக் கரையான் மண்ணிலிருந்து உதறி எடுத்தாள். தேக்கு உத்திரங்கள் எத்தனை வண்டிகளில் வந்தன என்று கண்டுபிடித்தாள். புயலடித்த வருடம் ஊரில் பாதிப் பேர் இந்த வகுப்பறைகளில்தான் ஒண்டியிருந்தார்கள் என்று எழுதினாள்.

எல்லாம் உண்மை.

நாற்பத்தொன்றாம் பக்கம் தவிர.

அதற்கு முந்தைய பக்கங்கள் வெறும் தேதிகளும் அளவுகளுமாகக் கிடந்தன. யாராவது இந்தக் கட்டடத்தின் மேல் ஆசைப்பட வேண்டுமே என்றிருந்தது அவளுக்கு.

சுவரில் ஒரு விரிசலை எழுதினாள்.

இந்தப் பக்கம் பையன்கள். அந்தப் பக்கம் பெண்கள். நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. முப்பது வருடம் அதன் வழியே துண்டுச் சீட்டுகள் போய்வந்தன என்று எழுதினாள்.

வெளியீட்டு விழாவில் அந்தப் பக்கத்தைத்தான் வாசித்தார்கள். முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் குணாளன் மைக்கை வாங்கி, "நானும் ஒரு சீட்டு அனுப்பினேன், பதில்தான் இன்னும் வரல" என்றார். பந்தலே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

புத்தகத்தை அச்சடித்துக் கொடுத்தவர் அவர். "இது இருக்கிற வரைக்கும் ஒரு செங்கல்லத் தொட விடமாட்டேன் டீச்சர்" என்று சொன்னவரும் அவர்தான்.

உத்தரவின் அடியில் சாட்சிக் கையெழுத்து. 'விரிசலை நேரில் கண்டவர்: குணாளன்.'

வரப்போகும் புதுக் கட்டடத்துக்கு அவருடைய அப்பாவின் பெயர்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. குணாளன் வந்தார். பின்னாலேயே மேஸ்திரி, கையில் ஸ்டூலோடு.

அவள் சொல்லிவிட்டாள். இந்தச் சுவரில் விரிசலே கிடையாது, எப்போதும் இருந்ததில்லை, நானாக எழுதியது என்று.

அதைச் சொன்னால் மற்ற இருநூறு பக்கங்களையும் இனி ஒருவரும் நம்பமாட்டார்கள். தெரிந்தேதான் சொன்னாள்.

குணாளன் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காய்ச்சல்காரரிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்.

"என்ன டீச்சர் நீங்க. நடுவுல யாராச்சும் பூசிருப்பாங்க. நான் சீட்டு போட்ட ஓட்டை எனக்குத் தெரியாதா?"

அவள் அந்த முகத்தில் பொய்யைத் தேடினாள். கண்ணில், உதட்டோரத்தில், நெற்றியில்.

சுவரைப் போலவே இருந்தது. எங்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எங்கேருந்து சார் ஆரம்பிக்கிறது?" என்றார் மேஸ்திரி.

குணாளன் யோசிக்கவே இல்லை. விரலை நீட்டிக் காட்டினார்.

மேஸ்திரி ஸ்டூலில் ஏறினார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு சாக்பீஸை எடுத்தார். கூரையடியில் வைத்து, அழுத்தி, இறங்கி, குனிந்து, தரை வரைக்கும் இழுத்தார்.

வெள்ளைச் சுவரில் ஒரு கோடு.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கோடு ஒரு சாண் இடப்பக்கம் தள்ளியிருந்தது. புத்தகத்தில் அவள் எழுதியிருந்தது கரும்பலகையின் ஓரத்தை ஒட்டி.

சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.