முன்வரிசை ரசிகை

முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவி அழுவதை, பாடகனின் முதுகுக்குப் பின்னாலிருந்து வாசித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான் டிரம்மர். அவள் கண் இரண்டும் மைக் முன்னால் நின்ற பாடகன் மேல்தான் ஒட்டிக்கிடந்தன. இவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த ராக் குழுவுக்கு இன்றுதான் கடைசிக் கச்சேரி. நாளை முதல் ஆளுக்கொரு திசை. 'கருத்து வேறுபாடு' என்று பேட்டியில் சொல்லியிருந்தார்கள். கருத்தாவது, வேறுபாடாவது! எல்லாம் இந்த டிரம்மர் பார்த்த வேலை. ஒவ்வொரு ஒத்திகையிலும் பாடகனிடம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் மல்லுக்கட்டி, 'அவன் இருந்தா நான் இல்ல' என்று ஒற்றைக்காலில் நின்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழுவைக் கலைத்தே விட்டான்.

உண்மைக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ரசிகையாக வந்து மனைவியானவள் அவள். பாடகனுக்கு அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. அதனால்தான் போனால் போகிறதென்று தன்னைக் கட்டிக்கொண்டாள் என்கிற எண்ணம் இவன் மண்டைக்குள் புகுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் ஒரு கச்சேரியை விட்டதில்லை. மேடையோரமாக நாற்காலி போடச் சொல்கிறேன் என்றால் கேட்கமாட்டாள். கூட்டத்தில் இடிபட்டு, மிதிபட்டு, நட்டநடுவில் பாடகனுக்கு நேர் எதிரே வந்து நிற்பாள்.

கடைசிப் பாட்டு. பாடகன் மைக்கை உருவிக்கொண்டு மேடையின் இடது கோடிக்கு ஓடினான். கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. அவள் மட்டும் திரும்பவில்லை. அவன் விட்டுப்போன இடத்தையே பார்த்து, அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

ஆளே இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு முற்றிவிட்டதா? டிரம்மர் பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்ற பித்தளைத் தட்டில் அடித்த அடியில் குச்சி முறிந்தது.

கச்சேரி முடிந்து, ஒப்பனை அறையில் எல்லோரும் கட்டிப்பிடித்து விடைபெற்றுப் போனார்கள். அதுவரை வாசலில் நின்ற மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அழுது முடிச்சாச்சா?"

"எப்படிங்க முடியும்? இனிமே இப்படிப் பார்க்கவே முடியாதே."

"ஏன் முடியாது? தனியா மேடை போடப்போறானாம். டிக்கெட் நானே வாங்கித் தர்றேன், போய் ஆசைதீரப் பாரு."

"யாரு? யாரைச் சொல்றீங்க?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. இத்தனை வருஷமா எதிர்ல நின்னு அவனையே வெறிச்சுப் பார்த்தியே, எனக்குக் கண்ணில்லையா? அதைப் பார்க்கச் சகிக்காமத்தான் குழுவை நானே கலைச்சேன். போதுமா?"

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வியர்வையில் நனைந்த அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓரமா நின்னா, உங்க பித்தளைத் தட்டு உங்க மூஞ்சிய மறைச்சிடும்" என்றாள். "நடுவுல நின்னா, அவரு நகர்றப்பவாவது நீங்க தெரிவீங்க."