உரல் தலைக்கு ஒரு தொப்பி

“உண்மையைச் சொல்லுங்கக்கா. இது செத்துப்போனவன் தொப்பிதானே?”

தொப்பிக்கடை அக்கா ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “எதை வச்சு அப்படிச் சொல்றீங்க தம்பி?”

“பாதி விலைங்கிறீங்க. உள்துணி புத்தம் புதுசா இருக்கு. என் தலையில வேற கச்சிதமா உக்காருது. ஏதோ வில்லங்கம் இருக்கு.”

சந்தேகப்பட்டவனுக்கு நாற்பது வயது, ஐந்தடிக்கும் குறைவான உயரம். மேடையில் அவன் பெயர் உரல். கூட நடிக்கிற ஆறடிக்காரன் உலக்கை. பதினாறு வருடமாக இரண்டு பேரும் கவிழ்த்த கிண்ணம் மாதிரி கறுப்பு பௌலர் தொப்பி வைத்துக்கொண்டு ஜனங்களைச் சிரிக்க வைத்தவர்கள். உலக்கை இடிப்பான், உரல் வாங்கிக்கொள்வான். வேடிக்கையே அவ்வளவுதான்.

போன மாதம் கடைசி நிகழ்ச்சியில் உலக்கை ஒரு வேகத்தில் உரலின் தொப்பி மேலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தக் கெட்டித் தொப்பி நசுங்கினால் நசுங்கினதுதான், நிமிர்த்த முடியாது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உரலுக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த வாரம் பயணிகள் கப்பல் கம்பெனிக்காரர்கள் நிகழ்ச்சி பார்க்க வருவதாக உலக்கை சொல்லியிருந்தான். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கப்பலிலேயே ஒரு வருட வேலை. உரல் வாழ்க்கையில் முதல் தடவையாக மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்குவான். ஜோடிக்கு ஒரே மாதிரி தொப்பி இல்லாமல் போய் நிற்க முடியுமா? தொப்பிக்கு என்ன செய்வது என்று மூன்று நாளைக்கு முன் உலக்கையிடம் போனில் கேட்டான்.

“உன் தலை, உன் தொப்பி. நீயே பாத்துக்க. எங்க வரணும், எத்தனை மணிக்குன்னு அப்புறமா சொல்றேன்” என்று உலக்கை வைத்துவிட்டான்.

உட்கார்ந்து நசுக்கியவன் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. பதினாறு வருடம் இடி வாங்கியபோது வலிக்காதது அன்றைக்கு உரலுக்கு வலித்தது. “துரோகி! காரியம்னு வந்தா கழட்டி விட்டுடறான் பாரு” என்று மனைவியிடம் பொருமித் தீர்த்தான்.

பிறகு தனியாகத் தொப்பிக்கு அலைந்தான். நாடகச் சாமான் கடையில் மலிவாகத்தான் இருந்தது, ஆனால் வெறும் அட்டை. பழைய துணிக்கடையில் கிடைத்தது காதைத் தாண்டி இறங்கி மூக்கில் நின்றது. பெரிய கடையில் நல்ல தொப்பி இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, தலை வலிக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டான்.

போதாததற்கு அவன் தலை இடதுபக்கம் புடைத்து, பின்னால் சப்பை. கெட்டித் தொப்பி இழுத்த இழுப்புக்கு வருகிற சமாசாரம் இல்லை. சுற்றளவு சரியாக இருந்தாலும் வடிவம் பொருந்தாவிட்டால் ஆடும். குட்டிக்கரணம் போட்டு எழும்போது தொப்பி நகரக் கூடாது. கைதட்டல் விழுவதே அதற்குத்தான்.

இந்தத் தொப்பியோடு கடை நடுவிலேயே ஒரு கரணம் போட்டுப் பார்த்திருந்தான். நூல்கண்டுகள் உருண்டன, தொப்பி அசையவில்லை. சும்மா கிடைத்த சுகத்தை யார்தான் நம்புவார்கள்?

“செத்தவனும் இல்ல, திருட்டும் இல்ல” என்றார் அக்கா. “ஒருத்தரு முன்பணமும் அளவும் குடுத்து செய்யச் சொன்னாரு. செஞ்சு முடிச்சப்புறம், போன வாரம் வந்து வேண்டாம்னுட்டாரு. இந்தக் கோணத் தலைக்கு வேற யாரு வருவா? கோவிச்சுக்காதீங்க தம்பி, அதான் பாதி விலை.”

“என் தலை மாதிரி ஊர்ல இன்னொரு தலையா?”

அக்கா இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் போட்டார். தலையின் சுற்றுவடிவம் வரைந்த அட்டை. இடதுபக்கம் புடைப்பு, பின்னால் சப்பை. ஓரத்தில் பென்சிலால் ‘உரல்’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. உலக்கையின் கையெழுத்து.

“தூங்கிட்டிருந்தவர் தலையில கம்பிய வளைச்சு எடுத்த அளவுன்னு சொன்னாரு. வாசல்ல குனிஞ்சுதான் உள்ள வந்தாரு, அவ்வளவு ஒசரம்.”

உரல் அட்டையைக் கையில் எடுத்தான். படுபாவி, மன்னிப்புக் கேட்க வாய் வராமல் தொப்பியே செய்யச் சொல்லியிருக்கிறான்! இவனைப் போய்த் துரோகி என்று திட்டினோமே என்று வெட்கமாக இருந்தது.

“மீதிக் காசுக்கு எங்க போவான்?” என்று தானே சொல்லிக்கொண்டான். “ரெண்டு பேருக்கும் ஒரு மாசமா வேலையே இல்ல. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் போன்ல அப்படி எரிஞ்சு விழுந்திருக்கான்.”

“உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“தெரிஞ்சவனா? என்னோட கூடப் பொறக்காத பொறப்புக்கா அவன்! பெட்டியில போடுங்க, நானே வாங்கிக்கறேன். இதோட போயி முன்னால நின்னேன்னா அழுதுடுவான். காசு இல்லாம வேண்டாம்னுட்டானே, பாவம்!”

அக்கா பெட்டிக்கு நாடா கட்டிக்கொண்டே சொன்னார்.

“காசு இல்லாமயா? அன்னைக்குக் கூட வந்தவரு தலைக்கு இதே மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லி, நேத்து வாங்கிக்கிட்டு, கப்பலுக்கு நேரமாச்சுன்னு ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்களே!”