இறால் துண்டு

உப்பள வெயிலைத் தாங்க, தொழிலாளர் தோலில் வேற்று உயிரின் புரதத்துண்டைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. தங்கதுரையும் ஊசி போட்டுக்கொண்டான். அடுத்த மாதம் அவன் முதுகைத் தேய்த்துவிட்ட மனைவி ஜெபக்கனியின் கைகள் தடித்துச் சிவந்தன. இறாலைத் தொட்டால்தான் அவளுக்கு அப்படி ஆகும்.

“இறாலோடது வேண்டாம், மீனோடது போடுங்கன்னு சொன்னேம்லா?”

“மீனோடதுக்கு நாலு மாசம் காத்துக் கெடக்கணும், பிள்ள. ரெண்டும் ஆதியில ஒண்ணுதானாம். டாக்டரே சொன்னாரு.”

“எனக்கு ஆகாதுன்னு அவர்ட்ட சொன்னீயளா?”

அவன் பரணிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினான். ஊசிக்கு முன்பே அதைப் பார்த்து, எதற்கென்று கேட்டிருக்கிறாள். அளத்து வேலைக்கு என்றிருந்தான்.

போட்டுப் பார்த்தாள். அவள் விரல்களுக்கே அளவெடுத்து வாங்கியதுபோல் இருந்தது.